ஓவர்ஃப்ளோ தொட்டிக்கு எந்த வடிகால்: டர்சோ, ஹெர்பி, பீன் அனிமல்

மீன் தொட்டிக்கு வடிகால் எப்படிப் போடுவது என்று யாராவது கேட்டால், உங்கள் தெருவில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்றுதான் நான் முதலில் கேட்பேன். ஓவர்ஃப்ளோ தொட்டியில் மேலே வழிகிற தண்ணீர் வடிகால் குழாய் வழியாகக் கீழே இருக்கும் சம்ப் என்ற இன்னொரு தொட்டிக்கு இறங்கும், மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். டர்சோ, ஹெர்பி, பீன் அனிமல் என்பவை இந்த வடிகாலைப் போடும் மூன்று முறைகள். மோட்டார் ஓடுகிற வரைக்கும் எல்லா முறையும் நல்ல முறைதான், நின்று மறுபடி ஓடும்போதுதான் வித்தியாசம் தெரியும். நான் இருப்பது மன்னார்குடி, 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்.

டர்சோவுக்கு ஒரே ஒரு ஓட்டை போதும். குழாய் உச்சியில் கீழ்நோக்கி வளைந்த எல்போ, அதன் தலையில் காற்றுக்கு ஒரு சின்னத் துளை, அவ்வளவுதான். வால்வு கிடையாது, தானாகவே நிற்கும், தானாகவே ஓடும். ஆனால் தண்ணீரோடு காற்றும் இறங்குவதால் களக் களக் என்று சத்தம் வரும், கூடத்தில் படுப்பவர்களுக்குக் கஷ்டம். அதைவிடப் பெரிய குறை, ஒரு நத்தை போய் அடைத்துக்கொண்டால் தண்ணீருக்கு வேறு வழியே இல்லை.

ஹெர்பியில் இரண்டு குழாய். ஒன்றில் காற்றே இல்லாமல் முழுத் தண்ணீரும் சைஃபனாக இறங்கும், சத்தம் வராது, அதில் மெல்ல மெல்லத் திருகி நீரோட்டத்தை அளவாக்கும் கேட் வால்வு உண்டு. இன்னொன்று சற்று உயரமாக நிற்கும், அதில் வால்வே போடக் கூடாது. காவிரியில் தண்ணீர் மிஞ்சினால் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்புகிறோம் இல்லையா, அந்த வேலைதான் இதற்கு. பால் வால்வு விலை குறைவு என்று அதைப் போட்டுவிடாதீர்கள், கால் சுற்றிலேயே மூடிவிடும், மயிரிழை அளவு திருப்பி மட்டத்தை நிறுத்த வராது. கடையில் முதலில் பித்தளை கேட் வால்வைத்தான் எடுத்துத் தருவார்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது, இறால் வளர்ப்பவர்களுக்கு ஆகாது, பிவிசி கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சைஃபன் குழாயின் அடி முனை சம்ப் தண்ணீருக்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் மூழ்க வேண்டாம். நான் அரை அடி மூழ்கவிட்டிருந்தேன், ஒவ்வொரு தடவை கரண்ட் வரும்போதும் குழாய்க்குள் இருந்த காற்று வெளியேற முடியாமல் சைஃபன் பிடிக்கவே இல்லை, தண்ணீர் எல்லாம் இரண்டாவது குழாய் வழியாகவே ஓடியது. முனையை அறுத்துக் குட்டையாக்கியதும் சரியாகிவிட்டது.

பீன் அனிமலுக்கு மூன்று குழாய்: ஒன்று சைஃபன், ஒன்று கொஞ்சம் தண்ணீரைக் காற்றோடு இறக்குவது, ஒன்று எப்போதும் காய்ந்தே இருப்பது. மட்டம் ஏறினால் நடுக்குழாயின் காற்று டியூப் மூழ்கி அதுவும் சைஃபனாக மாறிவிடும். மூன்றிலும் பத்திரமானது இதுதான், மட்டம் சற்று மாறினாலும் தானே சமாளித்துக்கொள்ளும். கண்ணாடியில் மூன்று ஓட்டையும் அந்தக் குழாய்கள் நிற்கப் பெரிய பெட்டியும் வேண்டும், ஆறடித் தொட்டி என்றால் யோசிக்காமல் இதையே போடலாம். நாலடிக்கு எனக்கு ஹெர்பியே போதுமானதாக இருக்கிறது.

மோட்டார் நின்றால் ரிட்டர்ன் லைன், அதாவது தண்ணீரை மேலே ஏற்றும் குழாய் வழியாகவும் தொட்டித் தண்ணீர் சம்புக்குத் திரும்பும். அதைத் தடுக்கத் தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் செக் வால்வா, தொட்டிக்குள் இருக்கும் குழாய் முனையான நாசிலை மேலே வைப்பதா என்று கேட்டால், மேலே வைப்பதுதான். நாலடிக்கு இரண்டடித் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்பது ஏழு லிட்டருக்கு மேல். நாசில் 2 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் மோட்டார் நிற்கும்போது அதன் வழியாகத் திரும்புவது ஏறக்குறைய 15 லிட்டர், 15 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் நூறைத் தாண்டும், எந்த சம்ப் தாங்கும்? என் செக் வால்வில் ஒரு பாசித் துணுக்கு சிக்கி, ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனபோது மூடவில்லை, காலையில் கூடம் முழுக்கத் தண்ணீர், பாயெல்லாம் நனைந்து கிடந்தது. அப்புறம் அதைக் கழற்றி வைத்துவிட்டு, நாசிலை நீர்மட்டத்தை ஒட்டி ஏற்றி, காற்று நுழைந்து சைஃபன் அறுந்து நிற்பதற்கு ஒரு துளையும் போட்டேன். அந்தத் துளையில் பாசி படியும், வாரம் ஒரு தடவை ஊசி விட்டுக் குத்திவிட வேண்டும்.

மீன் விடுவதற்கு முன்னால் மெயின் ஸ்விட்சைப் பத்துத் தடவை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அதோடு கேட் வால்வை முழுசாக மூடிவிட்டு மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள், வால்வு இல்லாத அந்தக் குழாய் ஒன்றே மொத்தத் தண்ணீரையும் இறக்க வேண்டும்.