மோட்டாரைக் கழற்றிவிட்டுத் தொடங்கிய பராமரிப்பு

கேரேஜ் கதவின் வருடாந்தரப் பராமரிப்புக்கு இந்த முறை ஒரு புதிய நிறுவனத்தை அழைத்திருந்தோம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். நான்கு எதற்கு, ஒன்றை ஏன் பிடித்து வைத்தேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வீட்டில் தினமும் அசையும் பொருள்களில் இவ்வளவு கனமானது வேறு எதுவும் இல்லை. அதைப் பார்க்க வருபவருக்கு வேலை தெரியுமா என்று கண்டுகொள்ள நமக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நான் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். தவழ்கிற பேத்தியும், எந்தப் பொத்தானைக் கண்டாலும் அழுத்திப் பார்க்கிற பேரனும் உள்ள வீடு.

வந்த இளைஞர் சொன்ன நேரத்துக்குச் சற்றுப் பிந்தித்தான் வந்தார். முன்கூட்டியே தொலைபேசியில் தெரிவித்துவிட்டதால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். வந்ததும் எண்ணெய்ப் புட்டியை எடுக்காமல் முதலில் கதவை முழுவதும் மூடச் சொன்னார். மோட்டார் தண்டிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து, மோட்டாருக்கும் கதவுக்கும் இருந்த பிடிப்பை விடுவித்தார். பிறகு கதவைக் கையாலேயே இடுப்பளவு தூக்கி, பிடியை மெல்லத் தளர்த்தினார். சரியாகச் சமன் செய்த கதவு அந்த இடத்திலேயே நிற்கும். எங்கள் கதவு ஒரு கணம் தயங்கியது, பிறகு இறங்கத் தொடங்கியது. இறங்க இறங்க வேகம் கூடியது. முழங்கால் உயரத்தில் அவர் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, இவ்வளவு நாளும் மோட்டார்தான் இந்தக் குறையை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறது” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே பாதி மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.

கதவைத் தூக்குவது மோட்டார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பாரத்தைத் தாங்குவது கதவின் மேலே தண்டில் முறுக்கிப் பொருத்தியிருக்கும் ஸ்பிரிங். லிஃப்டுக்கு எதிர் எடை எப்படியோ, கேரேஜ் கதவுக்கு ஸ்பிரிங் அப்படி. அது சரியாக இருந்தால் நூறு கிலோவைத் தாண்டும் கதவைக்கூட ஒருவர் கையால் தூக்கிவிடலாம். ஸ்பிரிங் தளர்ந்தால் மோட்டார் முனகிக்கொண்டே இழுக்கும், நாமும் ரிமோட்டை அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். ஒருநாள் ஸ்பிரிங் அறுந்தால் மொத்தப் பாரமும் கீழ் நோக்கி வரும். கதவு திறந்திருக்கும்போது அப்படி நேர்ந்தால் சிவப்புக் கயிற்றை இழுக்கவே கூடாது. கதவைப் பிடித்து வைத்திருக்கிற கடைசிப் பிடிப்பும் அதோடு போய்விடும். வீட்டில் எல்லோரையும் நிற்க வைத்து இதை அவர் சொல்லிக் கொடுத்தார்.

வழக்கமான ஸ்பிரிங்குகளை ஏறத்தாழ 10,000 முறை திறந்து மூடுவதற்கு என்று கணக்கிட்டுச் செய்கிறார்கள். நாளுக்கு நான்கு முறை என்று வைத்துக்கொண்டால் ஏழு ஆண்டுக்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும். எங்களுடையது வீடு கட்டிய காலத்தது. இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்றின் சுருளில் துரு அரித்துச் சிறு குழிகள் விழுந்திருந்தன. டார்ச் அடித்து அதைக் காட்டினார். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். ஒரே வயதுடைய இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது விரைவில் அதே இடத்துக்கு வந்து நிற்கும். கதவின் கீழ் மூலையில், ஸ்பிரிங்கின் விசையைக் கதவுக்குக் கொண்டுவரும் கம்பிக் கயிறான கேபிள் பொருந்தும் இடத்திலும் ஒன்றிரண்டு இழைகள் பிரிந்து முள்ளைப்போல நீட்டிக்கொண்டிருந்தன. தரை ஈரம் முதலில் தாக்கும் இடம் அதுதான்.

ஸ்பிரிங் மாற்றியதை அருகிலிருந்து பார்த்தேன், தொழில் தெரிந்த கை என்று புரிந்தது. கதவு எழும்பிவிடாமல், ரோலர்கள் ஓடும் பாதையான டிராக்கில் கிளாம்ப் போட்டு இறுக்கினார். ஸ்பிரிங் முனையில் உள்ள துளைகளுக்கு அளவாக இரண்டு எஃகுக் கம்பிகள் வைத்திருந்தார். ஒன்று தாங்கி நிற்க, மற்றதால் கால் சுற்று. பிறகு கைமாற்றி இன்னொரு கால் சுற்று. ஏழடிக் கதவுக்கு இப்படி ஏறக்குறைய முப்பது கால் சுற்றுகள் தேவைப்படும். முகத்தையும் உடலையும் ஒருமுறைகூடக் கம்பியின் பாதைக்குள் கொண்டுவரவில்லை. இந்த இடத்தில் ஸ்குரூடிரைவரை நுழைத்துத் திருப்பிப் பார்த்துக் கை எலும்பை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. எத்தனை ஆண்டு இயந்திரங்களோடு பழகியிருந்தாலும் இந்த வேலையை நான் தொட மாட்டேன், வீட்டுக்காரர் யாரும் தொட வேண்டாம். கீழ் மூலையில் கேபிளைப் பிடித்திருக்கும் தகட்டின் போல்ட்டும் அப்படித்தான். முழு இழுவிசையும் அதில்தான் இருக்கிறது.

எண்ணெய் விஷயத்திலும் குறை சொல்ல இடமில்லை. டிராக்கைத் துணியால் துடைத்ததோடு சரி, அதில் கிரீஸ் பூசவில்லை. கீல்களுக்கும் ரோலர்களின் பேரிங்குகளுக்கும் ஸ்பிரிங்குக்கும் சிலிக்கான் ஸ்பிரே அடித்தார்.

இனி, நான் பிடித்து வைத்த அந்த ஒரு நட்சத்திரம். கதவின் இருபக்கமும் தரையை ஒட்டி இருக்கும் சென்சார் கண்களைத் துடைத்து, துடைப்பக் கட்டையைக் குறுக்கே நீட்டிச் சோதித்தார். இறங்கிக்கொண்டிருந்த கதவு நின்று மேலே போனது. இந்தக் கண்கள் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ஏனென்றால் தவழும் குழந்தையையும் அவை பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் சரியான உயரத்தில்தான் இருக்கின்றன. அத்தோடு கருவிகளை எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார்.

“தம்பி, பலகை வைத்துப் பார்க்கவில்லையே?” என்று நான்தான் கேட்டேன். “சென்சார் வேலை செய்கிறதே ஐயா, போதும்” என்றார். போதாது. இரண்டு சென்சார் கண்களுக்கும் இடையே செல்லும் கதிர் ஓரிடத்தில்தான் ஓடுகிறது. அதற்கு மேலே நீட்டிய கையையோ காரின் பின்புறத்தையோ அது பார்க்காது. அப்போது காப்பாற்ற வேண்டியது, தடை பட்டதும் மோட்டார் தானாகத் திரும்பும் ஏற்பாடு. ஒன்றரை அங்குலக் கனமுள்ள பலகையைத் தரையில் படுக்க வைத்துக் கதவை மூடினால், அது தொட்டவுடன் மேலே திரும்ப வேண்டும். எங்கள் கதவு பலகையை அழுத்திக்கொண்டு நின்றது. பழைய ஸ்பிரிங்குக்கு ஈடுகொடுக்க யாரோ எப்போதோ மோட்டாரின் அழுத்த அளவைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங் மாற்றினால் அதையும் குறைத்துச் சரிசெய்வது வேலையின் ஒரு பகுதி.

சொன்னதும் முகம் சுளிக்காமல் ஏணியில் ஏறினார். அளவைக் குறைத்து, மறுபடி பலகை வைத்து, கதவு பட்டதும் திரும்புகிற வரை சோதித்துவிட்டுத்தான் இறங்கினார். குறை அவருடையது என்று நான் நினைக்கவில்லை. நிறுவனம் அவர் கையில் கொடுத்தனுப்பிய சோதனைப் படிவத்தில் அந்த வரியே இல்லை. சென்சாருக்கு ஒரு கட்டம், எண்ணெய்க்கு ஒரு கட்டம், பலகைச் சோதனைக்கு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 1993 முதல் தயாராகும் வீட்டு மோட்டார்களில், தடைபட்டால் தானாகத் திரும்பும் ஏற்பாட்டோடு சென்சார் போன்ற இன்னொரு பாதுகாப்பும் இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

போகிற நேரத்தில் சுவர்ப் பொத்தானைப் பார்த்து, “பேரனுக்கு எட்டுகிறதே” என்று அவராகவே சொல்லி, ஐந்தடி உயரத்துக்கு மாற்றிப் பொருத்தினார். அது கேட்காமல் கிடைத்த உதவி, அதற்கு நன்றி.

அடுத்த ஆண்டும் இவர்களையே அழைப்போம், முடிந்தால் அதே இளைஞரை. பலகைச் சோதனையை மாதம் ஒருமுறை நானே செய்துகொள்கிறேன், அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. நீங்கள் அழைப்பதானால், “சமன் பார்ப்பீர்களா, பலகை வைத்துச் சோதிப்பீர்களா” என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறேன். சேர்த்தார்கள் என்று தெரிந்தால் ஐந்தாவது நட்சத்திரத்தையும் போட்டுவிடுகிறேன்.