மங்களாவும் தெங்கிஸும்: எண்ணெய் வயலைப் படிப்படியாகக் கட்டுவதா, ஒரே மூச்சிலா?

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுக்கூட விழாது. ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்து மங்களா கச்சா எண்ணெயும் அந்த ஜாதிதான். ஆனால் அது உறைவதற்கு மார்கழிப் பனி தேவையில்லை. 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டிலேயே கெட்டியாகிவிடும் அளவுக்கு அதில் மெழுகு இருக்கிறது. பூமிக்கடியில் ஏறத்தாழ 65 டிகிரியில் திரவமாகக் கிடப்பது, மேலே வந்து ஆறினால் கட்டிதட்டிவிடுகிறது.

2004 ஜனவரியில் கெய்ர்ன் நிறுவனம் கண்டுபிடித்த மங்களா எண்ணெய் வயலில் 100 கோடி பீப்பாய்க்கு மேல் எண்ணெய் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. இவ்வளவு பெரிய வயலை எப்படிக் கட்டுவது? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்டி முடித்துவிட்டுத் திறக்கலாம். அல்லது சிறியதாகத் தொடங்கி, வரும் எண்ணெயைப் பார்த்துப் பார்த்துப் பெருக்கலாம். மங்களா இரண்டாவது வழியில் போனது. முதல் வழியைப் பார்க்க வேண்டுமானால் கஜகஸ்தானின் தெங்கிஸுக்குப் போக வேண்டும்.

மங்களாவின் கதையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கிணற்றிலிருந்து வரும் எண்ணெய், நீர், வாயு மூன்றையும் பிரித்துத் தரும் இயந்திர வரிசையை இந்தத் தொழிலில் 'ட்ரெயின்' என்பார்கள். மங்களாவின் முதல் ட்ரெயினின் கொள்ளளவு நாளொன்றுக்கு 30,000 பீப்பாய்தான். 2009 ஆகஸ்ட் 29 அன்று அது ஓடத் தொடங்கியது. அடுத்து தலா 50,000 பீப்பாய் கொள்ளளவில் இரண்டு ட்ரெயின்கள், அதன்பின் 75,000 பீப்பாயில் நான்காவது. பக்கத்திலேயே இருந்த பாக்கியம் வயல் 2012-லும் ஐஸ்வர்யா வயல் 2013-லும் இதே ஏற்பாட்டோடு வந்து சேர்ந்தன.

எண்ணெயைக் கடற்கரைக்குக் கொண்டுபோகும் குழாய் தயாராகும்வரை என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சூடு இறங்காத டேங்கர் லாரிகளில் எண்ணெயை ஏற்றி, பாலைவனச் சாலைகள் வழியே குஜராத் கடற்கரைக்கு அனுப்பினார்கள். லாரி செலவு அதிகம், போகும் அளவோ குறைவு. ஆனாலும் அந்த மாதங்களில் எண்ணெய் உண்மையாகவே வாங்குவோர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கிணறுகள் காகிதத்தில் கணக்கிட்டபடி ஊறுகின்றனவா என்பதும் தெரிந்தது. முழு ஆலையையும் கட்டிவிட்டுக் கணக்கு தப்பியிருந்தால் அந்த எஃகையெல்லாம் என்ன செய்திருப்பார்கள்?

ஆனால் மங்களாவில் எல்லாமே படிப்படியாக நடந்துவிடவில்லை. குழாய்க்கு அந்த வழி ஒத்துவராது. முதலில் சின்னக் குழாய், பிறகு பெரிய குழாய் என்று இரண்டு முறை பள்ளம் தோண்ட முடியாது. எனவே 24 அங்குலக் குழாயை, பின்னால் வரப்போகும் ட்ரெயின்களையும் கணக்கில் எடுத்து முதலிலேயே போட்டார்கள். பார்மேரிலிருந்து குஜராத்தின் சலாயா வரையிலான பகுதி 2010-ல் இயங்கத் தொடங்கியது. கடலோரத்து போகத் வரையிலான மிச்சப் பகுதி சில ஆண்டுகள் கழித்து வந்தது. மொத்தம் ஏறத்தாழ 670 கிலோமீட்டர். குழாயைச் சுற்றி வெப்பம் கசியாதபடி நுரைப்போர்வை. போர்வைக்குள் குழாயோடு ஒட்டி ஒரு சிறு எஃகுக் குழல், அதற்குள் மின்கம்பி. மின்சாரம் பாயும்போது அந்தக் குழலின் சுவர் சூடேறி எண்ணெயை உறையவிடாமல் காக்கிறது. இப்படி வழிநெடுகச் சூடேற்றப்படும் குழாய்களில் உலகிலேயே நீளமானது இது என்று அப்போது சொல்லப்பட்டது.

நீரும் அப்படித்தான். எண்ணெய் வெளியேற வெளியேறப் பாறையில் அழுத்தம் இறங்கும். ஈடுகட்ட நீரைச் செலுத்த வேண்டும். இங்கே குளிர்ந்த நீரைச் செலுத்தினால் பாறைக்குள்ளேயே மெழுகு பிரிந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே தும்ப்ளி பகுதியின் உப்பு நிலத்தடி நீரைக் கொண்டுவந்து, சூடாக்கிச் செலுத்தும் ஏற்பாட்டை முதல் திட்டத்திலேயே சேர்த்திருந்தார்கள். இதைப் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டிருந்தால் எந்த ட்ரெயினும் வயலைக் காப்பாற்றியிருக்காது.

இப்போது தெங்கிஸ். காஸ்பியன் கடலின் வடகிழக்குக் கரையில், 1979-ல் கண்டுபிடிக்கப்பட்ட வயல். எண்ணெய் 4,000 மீட்டருக்கும் கீழே, கடும் அழுத்தத்தில் கிடக்கிறது. கூடவே நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடும் ஏராளம். 1985-ல் 37-ஆம் கிணறு வெடித்து, ஓராண்டுக்கு மேல் எரிந்தது. 1993-ல் அமெரிக்காவின் செவ்ரான் நிறுவனம் கஜகஸ்தானோடு சேர்ந்து கூட்டு நிறுவனம் அமைத்த பிறகு முதல் 15 ஆண்டுகள் இங்கும் படிப்படிதான்: ரயிலில் எண்ணெய், 2001-ல் ரஷ்யாவின் நோவரசீஸ்க் துறைமுகத்துக்கு 1,500 கிலோமீட்டர் குழாய், 2008-ல் இரண்டாம் தலைமுறை ஆலை. நாளொன்றுக்கு 5.4 லட்சம் பீப்பாய் அளவுக்கு உற்பத்தி உயர்ந்தது.

ஒரே மூச்சு என்பது 2016-ல் வந்தது. 3,680 கோடி டாலர் மதிப்பில், நாளொன்றுக்கு 2.6 லட்சம் பீப்பாய் கூடுதல் உற்பத்திக்கு ஒரே திட்டமாக ஒப்புதல் தந்தார்கள். பிரம்மாண்டமான ஆலைத் தொகுதிகளைத் தென் கொரியா போன்ற இடங்களில் கட்டி, கப்பலேற்றி, ரஷ்யாவின் ஆறுகள், கால்வாய்கள் வழியாகக் காஸ்பியனுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த நீர்வழிகள் குளிர்காலத்தில் உறைந்துவிடும். பருவத்தைத் தவறவிட்ட தொகுதி அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். பிறகு 2020-ல் கொரோனா வந்தது. பல்லாயிரம் பேர் நெருக்கமாகத் தங்கி வேலை செய்த முகாம்களில் பரவியது, பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள். செலவு 4,500 கோடி டாலரைத் தாண்டியது. 2022-ல் வருவதாக இருந்த எண்ணெய் 2025 ஜனவரியில்தான் வந்தது. ஒரே திட்டத்தில் எல்லாவற்றையும் கோத்திருந்ததால், முகாம்களில் ஆள் குறைந்ததும் முழுச் சங்கிலியும் தாமதமானது.

ஆனாலும் தெங்கிஸ்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வயலின் அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. பழைய ஆலைகளோ உயர் அழுத்தத்தில் எண்ணெய் வரும் என்று கணக்கிட்டுக் கட்டப்பட்டவை. அழுத்தத்தை ஏற்றித் தரும் இயந்திரங்கள் வராவிட்டால் இருக்கிற ஆலைகளே பாதி வயிற்றோடு ஓட வேண்டியிருக்கும். இந்த வேலையைத் துண்டு போட்டுச் செய்வது எளிதல்ல.

மங்களா வழிக்கும் குறை உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். படி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அரசு ஒப்புதல், தனித்தனிப் பேச்சுவார்த்தை. நாளொன்றுக்கு 3 லட்சம் பீப்பாய் என்று பேசப்பட்ட இலக்கை அந்தப் பகுதி எட்டவேயில்லை. நீரோடு பாலிமர் என்ற வேதிப்பொருளைக் கலந்து, கெட்டியாக்கிச் செலுத்தினால் எண்ணெய் கூடுதலாக வரும் என்பதைச் சோதிக்க 2011 ஆனது. வயல் முழுவதற்கும் அது விரிவாக 2014 கடந்தது. அதே பகுதியில் திட்டமிடப்பட்ட பச்பத்ரா சுத்திகரிப்பு நிலையமோ 2013-ல் அடிக்கல் கண்டு, 2018-ல் மறுபடி தொடக்க விழா கண்டது. இப்போதைய திட்டப்படி ஆண்டுக்கு 90 லட்சம் டன் கொள்ளளவில் ராஜஸ்தான் எண்ணெய்க்கு 15 லட்சம் டன்தான், மிச்சம் இறக்குமதி. உள்ளூர் எண்ணெய்க்காகக் கேட்கப்பட்ட ஆலை, அந்த எண்ணெய் வடியும் காலத்துக்குத் தள்ளிப்போய்விட்டது.

புதிதாகத் தரையில் ஓர் எண்ணெய் வயலின் வரைபடம் என் முன் விரிக்கப்பட்டால் நான் மங்களா பக்கம்தான் நிற்பேன். குழாயையும் நீர் செலுத்தும் ஏற்பாட்டையும் முதல் நாளே முழு அளவில் போடச் சொல்வேன். ட்ரெயின்களுக்கு இடத்தைச் சமன்செய்து காலியாக விட்டு, ஒன்று ஓடிய பிறகு அடுத்ததை ஏற்றச் சொல்வேன். பாலிமர் சோதனையை முதல் ட்ரெயின் ஓடத் தொடங்கும் ஆண்டிலேயே, நான்கைந்து கிணறுகளிலாவது ஆரம்பித்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பேன்.