பெல், பார்க், ஐபிஎம்: கணிப்பொறி ஆய்வகங்கள் யாரை வேலைக்கு எடுத்தன?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கணிப்பொறியியலுக்கென்று தனித் துறை முதன்முதலாக 1962-இல் பர்டூவில்தான் தொடங்கியது. ஆகவே பெருநிறுவன ஆய்வகங்களில் கணிப்பொறி ஆராய்ச்சிக்கு வந்த முதல் தலைமுறையினர் பெரும்பாலும் வேறொரு துறையைப் படித்துவிட்டுத்தான் வந்தார்கள். யாரை எடுப்பது, எதைப் பார்த்து எடுப்பது என்பதில் பெல், ஜெராக்ஸ், ஐபிஎம் ஆகிய மூன்றும் மூன்று வழிகளில் சென்றன. அவரவர் சென்ற வழியின் தடம் அவரவர் உருவாக்கிய கருவிகளில் தெளிவாகப் பதிந்திருக்கிறது என்பது என் கருத்து.

தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியைச் சேர்ந்த, நியூ ஜெர்சியின் மரே ஹில்லில் இயங்கிய பெல் ஆய்வகம், கணிதத்திலும் இயற்பியலிலும் மின்பொறியியலிலும் ஊறிய இளைஞர்களைப் படிப்பு முடிந்த கையோடு எடுத்துக்கொண்டது. டக் மெக்கில்ராய் கார்னெலில் பொறியியல் இயற்பியல் படித்து, எம்ஐடியில் பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பிரையன் கெர்னிகன், ஆல்ஃபிரட் ஆஹோ இருவருமே டொராண்டோவில் பொறியியல் இயற்பியலும் பிரின்ஸ்டனில் மின்பொறியியலும் படித்தவர்கள். டென்னிஸ் ரிட்சி ஹார்வர்டில் இயற்பியலிலிருந்து பயன்பாட்டுக் கணிதத்துக்கு வந்தவர். ஆய்வேட்டை எழுதி முடித்தும் அவருக்கு முறைப்படி முனைவர் பட்டம் வழங்கப்படவில்லை. பெர்க்லியில் முதுநிலையோடு படிப்பை முடித்துக்கொண்ட கென் தாம்ப்சன் 1966-இல் வந்து சேர்ந்தார்.

இப்படிப்பட்டவர்கள் ஒரே தாழ்வாரத்தில் பல ஆண்டுகள் இருந்ததால், தாளில் கிடந்த கணிதம் அன்றாடக் கருவியாக மாறியது. தர்க்கவியலாளர் கிளீனி 1950-களில் வகுத்த ஒழுங்குக் கோவைகளை (எழுத்துகளின் அமைப்பை விவரிக்கும் குறியீடுகளை) தாம்ப்சன் உரைத் தேடலுக்குக் கொண்டுவந்து 1968-இல் கட்டுரையாக வெளியிட்டார். கோப்புகளில் உரையைத் தேடும் கிரெப் என்ற கட்டளை அந்த வழியில் வந்ததுதான். நிரல்களைத் தோட்டக் குழாய்களைப்போல் ஒன்றோடொன்று பூட்ட வேண்டும் என்று மெக்கில்ராய் 1964-இல் எழுதிய குறிப்பு, 1973-இல் அங்கே உருவான யூனிக்ஸ் இயங்குதளத்தில் செயலுக்கு வந்தது. ஒன்பது ஆண்டுகள் ஒரு யோசனை காத்திருக்க முடிந்ததற்குத் தொலைபேசித் தொழிலில் அந்நிறுவனத்துக்கு இருந்த ஏகபோகமும், அதன் லாபத்தில் வந்த பொறுமையும் காரணம். அந்த வசதி இல்லாத நிறுவனம் பெல்லைப் பின்பற்ற முயல்வது வீண் என்றே நினைக்கிறேன்.

கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் 1970-இல் தொடங்கிய பார்க், அதாவது நகலெடுக்கும் இயந்திர நிறுவனமான ஜெராக்ஸின் ஆய்வகம், பட்டத்தை விட ஏற்கெனவே எதைக் கட்டிப் பார்த்தவர் என்பதையே பெரிதாகக் கொண்டது. அதன் கணிப்பொறிப் பிரிவுக்கு ஆட்களைத் திரட்டிய பாப் டெய்லர் உளவியல் படித்தவர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான அர்ப்பாவில் கணிப்பொறி ஆராய்ச்சிக்கான நிதியைப் பங்கிட்ட பதவியில் இருந்ததால், நாட்டில் யார் எதில் வல்லவர் என்பதை நேரில் அறிந்தவர். பெர்க்லியின் ஜீனி என்ற கணிப்பொறி ஆராய்ச்சித் திட்டத்திலும், பின்னர் நொடித்துப்போன ஒரு சிறு கணிப்பொறி நிறுவனத்திலும் சேர்ந்து உழைத்திருந்த பட்லர் லாம்ப்சனையும் சக் தாக்கரையும் அவர் அழைத்துவந்தார். தாக்கரிடம் இருந்தது இயற்பியலில் இளநிலைப் பட்டம் மட்டுமே. ஒருவர் மட்டும் பயன்படுத்துவதற்காக உருவாகி 1973-இல் இயங்கத் தொடங்கிய ஆல்டோ கணிப்பொறியை வடிவமைத்தவர் அவர்தான். ஆலன் கே கணிதமும் மூலக்கூறு உயிரியலும் படித்துவிட்டு யூட்டாவில் முனைவர் பட்டம் பெற்றவர். ஜாஸ் கிதார் கலைஞரும்கூட. ஒளியியல் படித்த கேரி ஸ்டார்க்வெதரின் லேசர் அச்சுப்பொறி யோசனையை ஜெராக்ஸின் கிழக்குக் கரை ஆய்வுக்கூடத்தில் அவருடைய மேலாளர் ஏற்கவில்லை. 1971-இல் பார்க்குக்கு மாறிய பிறகே அது உருப்பெற்றது. திரை, வலையமைப்பு, அச்சு ஆகிய மூன்றும் ஓர் அலுவலக மேசையில் கூடி வந்ததற்கு, மூன்றையும் அறிந்த கைகள் ஒரே கட்டடத்தில் இருந்ததே காரணம்.

ஆனால் பார்க்கின் வழியில் பெரிய பலவீனமும் உண்டு. ஆள் தேர்வு ஒருவரின் அறிமுக வட்டத்தைச் சார்ந்திருந்தது. 1983-இல் டெய்லர் விலகியபோது லாம்ப்சனும் தாக்கரும் அவரைத் தொடர்ந்து டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் புதிய ஆய்வகத்துக்குச் சென்றுவிட்டார்கள். கருவியைப் பயன்படுத்துபவர் என்ன செய்கிறார் என்பதை உற்றுநோக்கும் மானுடவியலாளரான லூசி சச்மேன் அங்கே வந்தது 1970-களின் இறுதியில்தான். ஜெராக்ஸின் நகலெடுக்கும் இயந்திரத்தின் முன் கற்றறிந்த ஆராய்ச்சியாளர்களே தடுமாறுவதை அவர் படமெடுத்துக் காட்டினார். ஆல்டோ உருவான காலத்தில் இத்தகைய ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

பெல், பார்க் ஆகிய இரு ஆய்வகங்களும் எதிரெதிர்த் துருவங்கள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். லாம்ப்சன் பீட்டர் டாய்ச்சுடன் பெர்க்லியில் எழுதிய க்யூஈடி உரைத் திருத்தியைத்தான் தாம்ப்சன் ஒழுங்குக் கோவைகள் சேர்த்துத் திரும்ப எழுதினார்.

ஐபிஎம்மின் வழியை இன்று யாரும் பேசுவதில்லை. எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகத் தோன்றுவது அதுதான். கணிப்பொறியியல் தெரிந்தவர் என்று யாருமே இல்லாத காலத்தில், அந்நிறுவனம் கூர்மையானவர்களை எடுத்து உள்ளேயே கற்பித்தது. மருத்துவக் கல்லூரியைப் பாதியில் விட்டு, பின்னர் கொலம்பியாவில் கணிதம் படித்த ஜான் பேக்கஸ் 1950-இல் அங்கே சேர்ந்தார். 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியை உருவாக்கிய அவருடைய குழுவில் படிகவியலாளர் டேவிட் சேயரும், வாசர் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த லோயிஸ் ஹைப்ட்டும் இருந்தார்கள். அதே ஆண்டில் பள்ளிக் கணித ஆசிரியையான பிரான்சிஸ் ஆலன், கல்விக் கடனை அடைத்துவிட்டு மீண்டும் பள்ளிக்கே திரும்பும் எண்ணத்துடன் ஐபிஎம் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். விஞ்ஞானிகளுக்கு ஃபோர்ட்ரான் கற்பிப்பது அவருடைய முதல் வேலை. கற்பிப்பதற்காகத் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியின் உள்ளமைப்பைப் படிக்கத் தொடங்கியவர், நிரல்களை வேகமாக இயங்கவைக்கும் நிரல் மேம்படுத்தலில் தம் வாழ்நாளைச் செலவிட்டு, 2006-இல் கணிப்பொறியியலின் உயரிய விருதான டூரிங் விருது பெற்ற முதல் பெண் ஆனார்.

பல துறையினரைச் சேர்க்கும் பழக்கம் மறையவில்லை. செயற்கை நுண்ணறிவு ஆய்வகமான டீப்மைண்டின் டெமிஸ் ஹசாபிஸ் கணினி விளையாட்டுகளிலிருந்து அறிதல் நரம்பியலுக்குச் சென்றவர். அவருடன் 2024-இன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்த ஜான் ஜம்பர் இயற்பியலிலிருந்து கோட்பாட்டு வேதியியலுக்கு வந்தவர். ஆனால் இருவருமே முனைவர் பட்டத்துடன்தான் ஆய்வகத்துக்கு வந்தார்கள். பெருநிறுவனங்களின் ஆராய்ச்சிப் பணிகளுக்கு இன்று பொதுவாக அந்தப் பட்டமே எதிர்பார்க்கப்படுகிறது. அதைக் கட்டாய நிபந்தனையாக வைத்திருந்தால் தாம்ப்சனோ தாக்கரோ ஆலனோ நேர்காணல்வரைகூட வந்திருக்க மாட்டார்கள். மூன்று வழிகளில் ஒன்றை இன்றைய ஆய்வகம் மீட்டெடுக்க வேண்டுமென்றால், ஐபிஎம்மின் வழியையே நான் சொல்வேன்: ஆண்டுக்குச் சில இடங்களையாவது பட்டம் கேட்காமல் ஒதுக்கி, வருபவருக்கு உள்ளேயே கற்பிக்கலாம். பெல்லின் பொறுமைக்கு வேண்டிய பணமோ, பார்க்கைப்போல ஒரு டெய்லரோ அதற்குத் தேவையில்லை.