அமெச்சூர் டவுன்ஹில் அணிக்கு எந்த ஸ்பான்சர் தேறும்?

டவுன்ஹில், அதாவது மலைச்சரிவில் சைக்கிளில் வேகமாக இறங்கும் ரேஸுக்கு, அணி என்று நான்கு பேர் கூடியதும் முதலில் தேடுவது ஃபிரேமுக்குத் தள்ளுபடி. உண்மையில் அதைக் கடைசியில்தான் தேட வேண்டும். ஒரு சீசனை நடுவழியில் நிறுத்துவது ஃபிரேம் அல்ல. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தீர்ந்துபோகும் பிரேக் பேட், ரிம்மில் அடிபட்டுக் கிழிந்த பின் டயர், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய் கசியும் சீல், இவைதான். அமெச்சூர் அணிகளுக்கு இன்று மூன்று வழிகளில் ஆதரவு கிடைக்கிறது: இணையத்தில் விண்ணப்பம் வாங்கும் ஸ்பான்சர் தளங்கள், பாகங்கள் தயாரிக்கும் நிறுவனங்கள் நேரடியாக நடத்தும் தொடக்கநிலைத் திட்டங்கள், சைக்கிள் கடையோ, அதிர்வு தாங்கும் ஃபோர்க்கையும் ஷாக்கையும் பராமரிக்கும் சஸ்பென்ஷன் பட்டறையோ தரும் ஆதரவு. மூன்றையும் அந்தச் சனிக்கிழமை மாலையை வைத்தே இங்கே எடைபோட்டிருக்கிறது.

முதலில் செலவைப் பார்ப்போம். நான்கு ரைடர்கள், எட்டு ரேஸ், ஒவ்வொன்றும் இரண்டு நாள், நடுவில் பயிற்சி நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டிக்கு ஒரு சீசனில் தோராயமாகப் பின் டயர் மூன்று, முன் டயர் இரண்டு, பிரேக் பேட் ஆறு முதல் எட்டு ஜோடி, பேட் கவ்விப் பிடிக்கும் வட்டத்தகடான ரோட்டர் இரண்டு, செயின் ஒன்று, பின் கியர் மாட்டும் ஹேங்கர் இரண்டு, பின் ரிம் ஒன்று, ஒரு கைப்பிடி ஸ்போக், டயர் ஓட்டையை அடைக்கும் சீலண்ட் ஒரு லிட்டர் ஆகும். நான்கு வண்டிக்கு இருபது டயர், முப்பது ஜோடி பேட். மழை பெய்தால் இந்தக் கணக்கும் போதாது. சேறும் மணலும் கலந்த தடத்தில் ஆர்கானிக் பேட் ஒரே நாளில் தேய்ந்துவிடும். உலோகத் துகள் கலந்த சின்டர்டு பேட் தாங்கும், ஆனால் சத்தம் போடும். பிரேக் தயாரிக்கும் நிறுவனங்களில் ஷிமானோவின் பேடில் உராய்வுப் பொருள் 0.5 மி.மீ. ஆனதும் மாற்ற வேண்டும். ஸ்ராம் பேடில் பின்தகடும் சேர்த்து 3 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். ஆகவே எந்த ஸ்பான்சர் வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: இந்தப் பட்டியலில் எதைக் குறைக்கிறார்?

இணையத் தளங்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். பெயர், ரேஸ் முடிவுகள், படங்கள், சமூக ஊடகக் கணக்கு எல்லாம் ஒருமுறை ஏற்றினால் பல நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாம். வசதிதான். ஆனால் படிவம் தனிநபருக்காகச் செய்தது; அணி என்ற ஒன்று அதில் பொருந்துவதில்லை. நான்கு பேரும் தனித்தனியே விண்ணப்பித்தால் ஒருவருக்கு ஒரு கண்ணாடி நிறுவனம், இன்னொருவருக்கு அதன் போட்டியாளர் என்று சிதறிவிடும். வருவதும் பெரும்பாலும் தள்ளுபடிக் குறியீடு மட்டுமே. அதன் மதிப்பை அச்சிட்ட விலையை வைத்துக் கணக்கிடக் கூடாது. பட்டியல் விலை 100 என்றால் 35 விழுக்காடு தள்ளுபடி போக 65. அனுப்பும் செலவு 8, வெளிநாட்டிலிருந்து வந்தால் இறக்குமதி வரி 15 என்று சேர்த்தால் 88. அதே பொருளின் முந்தைய ஆண்டு மாடலைக் கடையில் 80க்கே கழித்துக் கொடுப்பார்கள், மாட்டியும் தருவார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் ‘ஸ்பான்சர் கிடைத்துவிட்டது’ என்று அறிவிக்கும் அணி, கடையில் நிற்கும் சாதாரண வாடிக்கையாளரைவிட அதிகம் செலவழித்துக்கொண்டு மாதம் நான்கு பதிவும் போட்டுக்கொண்டிருக்கும். கையுறை, கண்ணாடி, கிரிப், முழங்கால் கவசம் போன்றவற்றுக்கு இந்தத் தளங்கள் பரவாயில்லை. எடை குறைவு, அனுப்பும் செலவு குறைவு, அளவு தவறினாலும் ரேஸ் நிற்காது. ஃபோர்க், வீல், ஃபிரேம் ஆகியவற்றுக்கு இந்த வழி வேண்டாம்.

நிறுவனங்களின் நேரடித் திட்டம் இதைவிட ஒரு படி மேல். படிநிலை பெரும்பாலும் மூன்று: தள்ளுபடி மட்டும்; குறிப்பிட்ட எண்ணிக்கை இலவசம், மீதிக்குத் தள்ளுபடி; எல்லாம் இலவசம். அமெச்சூருக்கு மூன்றாவது அரிது. இரண்டாவதைத்தான் குறிவைக்க வேண்டும், அதிலும் டயர் நிறுவனத்தையும் பிரேக் நிறுவனத்தையும். வண்டிக்கு ஐந்து டயர் இலவசமாக வந்தால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் தள்ளுபடியைவிட அது அணியை அதிக தூரம் கொண்டுபோகும்.

மேல்மட்டத்தில் ஸ்பான்சர் உறவு எப்படி நடக்கிறது என்பதற்கு மாக்சிஸ் நிறுவனத்தின் அசெகாய் டயர் நல்ல எடுத்துக்காட்டு. எலைட் பிரிவில் நான்கு முறை உலகச் சாம்பியனான தென்னாப்பிரிக்கர் கிரெக் மின்னாரோடு சேர்ந்து உருவாக்கிய டயர் அது. அந்த உறவில் நிறுவனம் வாங்குவது ரைடரின் காலும் கையும் உணர்ந்து சொல்லும் கருத்தை. அமெச்சூர் அணியிடம் நிறுவனம் வாங்குவது அதை அல்ல. தடத்தின் அடியில் நிற்கும் பத்துப் பேர் ‘இந்த டயர் எப்படி, காற்று எவ்வளவு வைக்கிறீர்கள்’ என்று கேட்கும்போது நேர்மையாகப் பதில் சொல்லும் ஆளைத்தான் அது வாங்குகிறது. விண்ணப்பத்தில் ‘உங்கள் பொருளை மேம்படுத்த உதவுவோம்’ என்று எழுதுவதைவிட, ஆண்டுக்கு எத்தனை நாள் எந்தத் தடங்களில் மக்கள் நடுவே இருப்போம் என்று எழுதினால் எடுபடும்.

இந்தத் திட்டங்களில் அடிக்கடி சறுக்குவது பொருத்தம். பொருள் நல்லது, ஆனால் வண்டியில் ஏறாது. ஹேண்டில்பார் 35 மி.மீ. வரும், அதைப் பிடிக்கும் ஸ்டெம் 31.8ஆக இருக்கும். பின் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் 148 மி.மீ. அகலத்தில் வரும், ஃபிரேம் 157 கேட்கும். இன்னும் நுணுக்கமானது ரோட்டர். ஸ்ராம் ரோட்டர் 200 மி.மீ., ஷிமானோ 203. விட்டத்தில் மூன்று மி.மீ. வித்தியாசம் என்றால் ஆரத்தில் ஒன்றரை. பிரேக் காலிப்பரை ஃபிரேமில் பொருத்தும் அடாப்டர் 203க்கானதாக இருக்க, 200 ரோட்டரை மாட்டினால் பேடின் மேல் விளிம்பு ஒன்றரை மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பகுதி தேயாமல் வரம்புபோல் நிற்கும். பேட் பாதி தேய்ந்ததும் எதிரெதிர் வரம்புகள் ஒன்றையொன்று தொட்டு, லீவரை எவ்வளவு இழுத்தாலும் பிடி கிடைக்காது. ஓட்டிப் பார்க்கிறவர் காற்று புகுந்துவிட்டதென்று நினைத்து பிரேக்கை ப்ளீட் செய்துகொண்டே, அதாவது எண்ணெயிலிருந்து காற்றை வெளியேற்றிக்கொண்டே இருப்பார். அதனால் விண்ணப்பத்தோடு ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு அளவுத் தாள் போக வேண்டும்: முன் அச்சு, பின் ஹப் அகலம், ரோட்டர் விட்டம், ஹேண்டில்பார் கிளாம்ப், சீட்போஸ்ட் விட்டம், வீல் அளவு. 2019 முதல் முன்னால் 29 அங்குலம், பின்னால் 27.5 என்று கலந்து ஓட்டச் சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யூசிஐ அனுமதிப்பதால், வீல் அளவை முன், பின் என்று தனித்தனியாக எழுதுங்கள். ‘29’ என்று மட்டும் எழுதினால் பாதி டயர் வீண்.

பிரேக் விஷயத்தில் எங்கள் கருத்து உறுதியானது: நான்கு வண்டியிலும் ஒரே பிரேக். ஷிமானோவுக்கு மினரல் எண்ணெய், ஸ்ராமின் ‘கோட்’ (Code) பிரேக்குக்கு டாட் 5.1 என்னும் பிரேக் திரவம், அதே ஸ்ராம் 2024இல் கொண்டுவந்த ‘மேவன்’ பிரேக்குக்கு மறுபடியும் மினரல் எண்ணெய். அவசரத்தில் ஒன்றுக்கானதை இன்னொன்றில் ஏற்றினால் உள்ளே ரப்பர் சீல்கள் கெட்டு, லீவரோடு காலிப்பரும் போகும். ஒரே பிரேக் என்றால் ஒரே ப்ளீட் கிட், ஒரே பேட் பெட்டி, ஒருவர் விழுந்தால் இன்னொருவரின் உதிரி. பாதி அணிக்கு மட்டும் இலவச பிரேக் தருகிறேன் என்று ஒரு நிறுவனம் சொன்னால், மறுப்பது நல்லது.

ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை நிறுத்திப் படியுங்கள். ஒன்று, மறுவிற்பனைத் தடை. சீசன் முடிந்ததும் வண்டியை விற்று அடுத்த வண்டி வாங்குவதுதான் பல அமெச்சூர்களின் நிதித் திட்டம். ஒரு வருடம் விற்கக் கூடாது என்று இருந்தால் ஃபிரேமில் கிடைத்த தள்ளுபடி அங்கேயே கரைந்துவிடும். இரண்டு, ‘எங்கள் பொருள் மட்டும்’ என்னும் பிரத்யேக உரிமை: ஹெல்மெட் நிறுவனம் கண்ணாடியையும் சேர்த்துக் கேட்கும், ஒரு ரைடருக்கு ஏற்கெனவே கண்ணாடி ஸ்பான்சர் இருப்பார். மூன்று, உடைந்த பொருள். தள்ளுபடியில் வாங்கியதற்கு விழுந்து உடைந்தால் குறைந்த விலையில் மாற்றித் தரும் வசதி உண்டா இல்லையா என்று எழுத்தில் இருக்க வேண்டும். டவுன்ஹில்லில் உற்பத்திக் கோளாறைவிட விழுந்து உடைவதுதான் அதிகம். நான்கு, படங்களின் உரிமை எவ்வளவு காலம் என்பது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவருக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும், இதைச் சொல்லவே தேவையில்லை.

மூன்றாவது வழிக்கு வருவோம். கடையோ சஸ்பென்ஷன் பட்டறையோ தரும் ஆதரவுக்கு விளம்பர மினுமினுப்பு இல்லை, ஆனால் மூன்றில் இதுவே முதல். காரணம், இங்கே கிடைப்பது நேரமும் கருவியும். ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தன் ஃபோர்க்குக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களை, அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்குழாய்களை, திறந்து சுத்தம் செய்யச் சொல்கிறது. முழுப் பராமரிப்பு 200 மணி. ஃபாக்ஸ் நிறுவனம் சொல்வது 125 மணி நேரம் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது. இந்த மணிக்கணக்கை டவுன்ஹில்லில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஓர் இறக்கம் ஐந்து நிமிடம் என்றால் 50 மணி நேரம் என்பது 600 இறக்கம். அதுவரை காத்திருந்தால் சீல் போய்விடும். ஒவ்வொரு பயிற்சி நாளும் சேற்றில் முடிகிறது, மாலையில் உயர் அழுத்தத் தண்ணீரில் கழுவுகிறார்கள், அந்தத் தண்ணீர், அழுக்கைத் தடுக்கும் வைப்பர் சீலுக்கு அடியில் புகுகிறது, உள்ளே நுரை வளையம் எண்ணெய்க்குப் பதில் சேற்று நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. ஈரமான ரேஸ் இரண்டு முடிந்தால் கீழ்க்கால்களைத் திறந்துவிட வேண்டும். பழகிய மெக்கானிக்குக்கு ஒரு மணி நேர வேலை. வைப்பர் சீல், நுரை வளையம், வாஷர், சில மில்லி எண்ணெய். ஒரு பட்டறை நான்கு ஃபோர்க்குக்கும் இதைச் சீசன் முழுவதும் செய்து தந்து, உதிரிபாக விலையை மட்டும் வாங்கினாலே போதும், வேறெந்த ஒப்பந்தத்தையும்விட அது பெரிது. பின் ஷாக்கும் ஃபிரேம் பேரிங்கும் அதே கையில் பார்க்கப்படும்.

கடையிடம் கேட்க வேண்டியது இன்னொன்று: பயன்படுத்தாதவற்றைக் கடையே திரும்ப எடுத்துக்கொள்ளும் உதிரிப்பெட்டி. ஹேங்கர், பேட், செயின் இணைப்பு, வால்வு, டயர் என்று ஒரு பெட்டியை ரேஸுக்கு எடுத்துப் போய், பயன்படுத்தியதற்கு மட்டும் திங்கட்கிழமை பணம் கட்டுவது. கடைக்குச் செலவே இல்லை, அணிக்கோ ஒரு ரேஸ் காப்பாற்றப்படும்.

இதில் குறை இருக்கிறதா? இருக்கிறது. வாய்ச்சொல்லில் நடக்கும், மெக்கானிக் மாறினால் ஒப்பந்தமும் மறைந்துவிடும். வேலை நெருக்கடியான மாதங்களில், அதாவது சரியாக ரேஸ் சீசனில், காசு கொடுக்கும் வாடிக்கையாளர் முன்னால் நிற்பார். ‘புதன் மாலைக்குள் கொடுத்தால் வெள்ளி காலை கிடைக்கும்’ என்று ஒரே வரியில் எழுதி இருதரப்பும் கையெழுத்திட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

எந்த வழியானாலும் கேட்கும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முடிவுகளை ‘12ஆம் இடம்’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. எத்தனை பேரில், எந்தப் பிரிவில் என்று எழுதுங்கள். அதோடு வென்றவரைவிட எத்தனை விழுக்காடு பின்தங்கினார் என்பதையும் சேருங்கள். வென்றவர் 3:00, நம் ரைடர் 3:09 என்றால் ஐந்து விழுக்காடு. பலவீனமான போட்டியில் மூன்றாமிடம் வந்ததைவிட, வலுவான போட்டியில் ஐந்து விழுக்காட்டில் முடித்தது கனம் உள்ளது. விஷயம் தெரிந்த நிறுவன ஆள் அதைத்தான் பார்ப்பார். சீசன் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும் நாடுகளில் அடுத்த ஆண்டுப் பட்ஜெட் செப்டம்பர் முதல் நவம்பருக்குள் பெரும்பாலும் முடிவாகிவிடும். ஜனவரியில் எழுதினால் மிச்சம் மீதிதான்.

லோகோ வைக்கும் இடத்திலும் பல அணிகள் தவறுகின்றன. டவுன்ஹில் படங்கள் பெரும்பாலும் முன்பக்கம் சாய்வாக எடுக்கப்படுபவை, ரைடர் குனிந்திருப்பார். நெஞ்சில் போட்ட பெரிய லோகோவை ஹேண்டில்பாரும் எண் தகடும் ஹெல்மெட்டின் தாடைப் பகுதியும் மறைத்துவிடும். தெரிவது தோள், முன்கை, தொடையின் பக்கவாட்டு, ஃபோர்க்கின் கீழ்க்கால்கள். அதிகம் கொடுப்பவருக்கு அந்த இடங்களைக் கொடுங்கள். எண் தகட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதோ அதை வெட்டுவதோ விதிகளில் இடமில்லாதது. ஜெர்சி அச்சுக்குப் போன பிறகு வரும் ஸ்பான்சருக்கு மட்கார்டும் ஃபோர்க்கும்தான் மிச்சம், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சீசன் முடிவில் ஒவ்வொரு ஸ்பான்சருக்கும் இரண்டு பக்க அறிக்கை போக வேண்டும்: ஓடிய ரேஸ்கள், முடிவுகள், லோகோ தெளிவாகத் தெரியும் ஐந்து படங்கள், எத்தனை டயர் எதனால் போயிற்று, எத்தனை பேட் தேய்ந்தது. கிழிந்த பக்கச்சுவர், வெடித்த ரிம் ஆகியவற்றின் படங்களையும் ஒளிக்காமல் சேருங்கள். டயர் நிறுவனத்துக்கு வெற்றிப் படத்தைவிட அது பயன்படும். கடைசி ரேஸ் முடிந்த இரண்டு வாரத்துக்குள் அனுப்பினால், அடுத்த ஆண்டுப் பட்டியல் போடும்போது அந்த அறிக்கை அவர்கள் மேசையில் இருக்கும்.