நியூட்டன் வருடத்துக்கு இரண்டு முறை பிறக்கும் செயலி: மூன்று வருட அனுபவம்

போன வாரம் மச்சினன் போன் செய்தான். "மாமா, நீங்க தினமும் பார்ப்பீங்களே அந்தத் தகவல் ஆப், வருஷச் சந்தா 399லேர்ந்து 149 ஆயிடுச்சாம். போட்டுடவா?" குரூப் 4க்குப் படித்துக்கொண்டிருக்கிறான். வேண்டாம்டா என்றேன். "அப்ப நீங்க ஏன் மூணு வருஷமா வச்சிருக்கீங்க?" என்றான். பதில் சொல்வதற்குள் அவனுக்கு பஸ் வந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

செயலியின் பெயர் வேண்டாம். இதே மாதிரி பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. காலை ஆறேகாலுக்கு நான்கு அட்டைகள் வரும்: பொது அறிவு ஒன்று, 'வரலாற்றில் இன்று' ஒன்று, ஐந்து வரிச் செய்தி, கடைசியில் இயற்கை. செய்தி அட்டையில் முந்தின நாள் இரவு டிவியில் பார்த்ததுதான் இருக்கும். நான் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். பொது அறிவு சுமார். சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்று ஒரு நாள் போட்டார்கள். 2003இல் பூமியைச் சுற்றிவிட்டு வந்த சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவேயே தனக்குச் சுவர் கண்ணில் படவில்லை என்று சொல்லிவிட்டார். நிலவு எங்கே, அவர் சுற்றிய உயரம் எங்கே. சரி, அதைக்கூட விட்டுவிடலாம்.

என்னைப் படுத்துவது 'வரலாற்றில் இன்று'.

வாங்கிய முதல் வருடம், டிசம்பர் 25 அன்று 'இன்று ஐசக் நியூட்டன் பிறந்த நாள்' என்று வந்தது. சந்தோஷம். பத்து நாள் கழித்து, ஜனவரி 4 காலையில் மறுபடியும் 'இன்று ஐசக் நியூட்டன் பிறந்த நாள்'. அதே படம், அதே ஆப்பிள். ஒரு மனிதன் எத்தனை முறை பிறப்பான்? உடனே மின்னஞ்சல் எழுதினேன். பதில் இல்லை. அடுத்த வருடமும் அச்சு மாறாமல் அதே கூத்து. இரண்டு அட்டைகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டி, 'காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலையைப் பாருங்கள்' என்று குடும்பக் குழுவில் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒன்பதாவது படிக்கிற மகள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா, ரெண்டுமே சரிதான்" என்றாள்.

விஷயம் இதுதான். 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி காலண்டரைத் திருத்தினார். கத்தோலிக்க நாடுகள் சீக்கிரமே ஏற்றுக்கொண்டன. போப் சொல்லி நாங்கள் கேட்பதா என்று இங்கிலாந்து 1752 வரைக்கும் பழைய காலண்டரையே பிடித்துக்கொண்டிருந்தது. நியூட்டன் பிறந்த சமயத்தில் இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். அவர் பிறந்தபோது இங்கிலாந்தில் 1642 டிசம்பர் 25, புதுக் கணக்கில் 1643 ஜனவரி 4. கடைசியில் இங்கிலாந்தும் மாறியபோது செப்டம்பர் 2 இரவு படுத்தவர்கள் செப்டம்பர் 14 காலையில் எழுந்தார்கள்.

மூக்குடைபட்டது நான்தான். குழுவில் போட்டதை அழிக்கவும் நேரம் கடந்துவிட்டது.

ஆனாலும் கோபம் முழுதாக ஆறவில்லை. இவ்வளவு ருசியான கதையைக் கையில் வைத்துக்கொண்டு, அட்டையில் ஒரு வரி எழுதினால் என்ன? தெரிந்துதான் இரண்டு முறை போட்டார்களா, எங்கிருந்தோ இரண்டு பட்டியலை வாரிக் கொட்டினார்களா? எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம். ஏனென்றால் ஏப்ரல் 23 அன்று இதையே தலைகீழாகச் செய்தார்கள்: 'ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிஸும் 1616இல் ஒரே நாளில் இறந்தார்கள்!' ஆச்சரியக்குறியோடு. செர்வாண்டிஸ் ஸ்பெயின் நாட்டு எழுத்தாளர். ஸ்பெயின் அப்போது புதுக் காலண்டரில், இங்கிலாந்து பழையதில். ஷேக்ஸ்பியர் இறந்தபோது ஸ்பெயினில் மே 3. போதாததற்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22ஆம் தேதி, 23 அவரை அடக்கம் செய்த நாள் என்கிறார்கள். நியூட்டன் விஷயத்தில் ஒரு நாளை இரண்டாக்கினார்கள், இங்கே இரண்டு நாளை ஒன்றாக்கிவிட்டார்கள். மகள் சொல்லிக்கொடுத்த பாடத்தை வைத்து இதை நானே கண்டுபிடித்தேன் என்பதில் கொஞ்சம் பெருமை உண்டு.

மன்னிக்க முடியாதது ஹாக்கி. ஆகஸ்ட் 29, தியான் சந்த் பிறந்த நாள், தேசிய விளையாட்டு தினம். பள்ளிக் காலைக் கூட்டத்தில் அன்று பொது அறிவு வாசிக்கிற முறை மகளுக்கு. காலையில் என் போனைப் பார்த்து அட்டையை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டு போனாள். 1928, 1932, 1936 மூன்று ஒலிம்பிக் தங்கம் வரைக்கும் எல்லாம் சரி. கடைசி வரி, 'ஹாக்கி நமது தேசிய விளையாட்டு.' மைக்கை வைப்பதற்குள் பி.டி. சார் எல்லோர் முன்னாலும் திருத்தினாராம். நம் நாட்டுக்கு அப்படி அறிவிக்கப்பட்ட விளையாட்டே கிடையாது. 2012இல் லக்னோவில் ஒரு பள்ளிச் சிறுமி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு, விளையாட்டு அமைச்சகமே அப்படித்தான் பதில் கொடுத்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையைக் கழற்றாமல் அந்தச் சீட்டை என் முன்னால் மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த வருடம் அந்த வரி மட்டும் காணாமல் போயிருந்தது. முன்பு தவறாகச் சொன்னோம் என்று ஒரு வார்த்தை இல்லை. பத்திரிகைக்காரர்கள் சின்ன எழுத்திலாவது 'திருத்தம்' என்று போடுவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஏன் வைத்திருக்கிறேன்? நாலாவது அட்டை.

எங்கள் தெருவில் பங்குனி வந்தால் காலையிலிருந்து 'டுக்... டுக்... டுக்' என்று ஒரு சத்தம். நிறுத்தாமல், ஒரே சீராக. பின்பக்கத் தெருவில் ஒரு பட்டறை இருக்கிறது; அங்கே யாரோ தகடு தட்டுகிறார்கள் என்றுதான் பதினைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகூட வேலையா என்று மனைவியிடம் சலித்துக்கொண்டதும் உண்டு. ஒரு நாள் இயற்கை அட்டையில் ஒலிப்பதிவோடு செம்மார்புக் குக்குறுவான் வந்தது. ஒலியைத் தட்டினேன். போனிலும் டுக் டுக், ஜன்னலுக்கு வெளியிலும் டுக் டுக். டீயை வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். அரசமரத்தில் பட்டுப்போன கிளை நுனியில் உட்கார்ந்திருந்தது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, பச்சை உடம்பு, நெற்றியில் குங்குமம் வைத்த மாதிரி சிவப்பு, மஞ்சள் தொண்டை. அலகைத் திறக்கவே இல்லை. தொண்டை மட்டும் உப்பி உப்பி அடங்குகிறது. ஒவ்வொரு அடிக்கும் தலை ஆடுகிறது. செம்பு தட்டும் கன்னாரின் பெயரைத்தான் வெள்ளைக்காரர்களும் இதற்கு வைத்திருக்கிறார்கள், ஆக நான் மட்டும் ஏமாறவில்லை.

அந்த அட்டையை எழுதுகிறவர் யாரோ வேறு ஆள். பெயர் போடுவதில்லை. ஆனால் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்த ஆள் என்பது படித்தால் தெரிகிறது. 'வரலாற்றில் இன்று' எழுதுகிறவரை அவர் பக்கத்தில் ஒரு மாதம் உட்கார வைக்கலாம்.

மச்சினனுக்கு என் பதில் மாறவில்லை. குரூப் 4க்கு இது உதவாது. ஆறாவதிலிருந்து பத்தாவது வரை பள்ளிப் புத்தகத்தை எடுத்து வைத்துப் படி. ஹாக்கி மாதிரி ஒன்றை இங்கிருந்து மனப்பாடம் செய்து கொண்டுபோனால் மார்க் போகும். 149 ரூபாய்க்கு ஒரு மாதிரி வினாத்தாள் புத்தகம் வாங்கலாம்.

எனக்கு டிசம்பர் 20 அன்று சந்தா முடிகிறது. நேற்றே புதுப்பித்துவிட்டேன். ஐந்து நாளில் நியூட்டன் பிறக்கிறார், இந்த வருடமாவது பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்களா பார்க்க வேண்டும்.