புது டெஸ்க்டாப்பில் சீரியல் போர்ட்: எந்த மாற்று தேறும்?

புது டெஸ்க்டாப்பின் பின்பக்கத்தில் ஒன்பது ஊசி சீரியல் போர்ட் பெரும்பாலும் இருக்காது. எடைமெஷின், பில் பிரிண்டர், பழைய சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்), நெட்வொர்க் ஸ்விட்ச் கன்சோல் என்று எதையாவது மாட்ட வேண்டியவர்கள் நேரே யூஎஸ்பி–சீரியல் கேபிள் வாங்கப் போகிறார்கள். அதற்கு முன் கேபினட்டைத் திறந்து மதர்போர்டின் கீழ் விளிம்பைப் பாருங்கள். 'காம்' என்றோ 'ஜேகாம் 1' என்றோ அச்சிட்ட இடத்தில், ஐந்தும் நான்குமாக இரண்டு வரிசையில் ஊசிகள் நின்றால் போர்ட் உள்ளேயே இருக்கிறது, வெளியே இழுத்துவிடவில்லை, அவ்வளவுதான்.

பின்தகட்டோடு வரும் ரிப்பன் கேபிள் ஒன்று போதும். கிடைக்கும் வழிகளில் இதற்குத்தான் முதலிடம். தனி டிரைவர் வேண்டாம். பழைய மென்பொருள் எதிர்பார்க்கும் காம் 1 என்ற போர்ட் எண் அப்படியே கிடைக்கும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) சீரியல் போர்ட் அணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு வம்பு உண்டு: இந்த ரிப்பன் இரண்டு வித வயரிங்கில் விற்கிறது, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மல்டிமீட்டரை பீப் சோதனையில் வைத்து, போர்டில் செருகும் பக்கத்தின் 5ஆம் துளைக்கும் (1க்கு எதிரே 2, 1க்குப் பக்கத்தில் 3 என்று மாறி மாறி எண்ணுங்கள்) வெளிக் கனெக்டரின் 5ஆம் ஊசிக்கும் இடையே தொடுங்கள். பீப் வந்தால் இன்றைய பெரும்பாலான போர்டுகளுக்குப் பொருந்தும். 3ஆம் ஊசியில் வந்தால் அது மற்ற ரகம், திருப்பிக் கொடுத்துவிடலாம்.

உள்ளே ஊசிகளே இல்லையென்றால்தான் யூஎஸ்பி கேபிள். இங்கே பிராண்டை விட உள்ளிருக்கும் சிப்தான் முக்கியம். எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி 232ஆர் சிப் நம்பகமானது, ஆனால் போலிகள் ஏராளம். சிஎச் 340 மலிவு, சாதாரண வேலைக்குத் தாராளம். பழைய பிஎல் 2303எச்எக்ஸ்ஏ வேண்டவே வேண்டாம்: அந்த சிப் 2012லேயே நிறுத்தப்பட்டது, அதை விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அதன் டிரைவரே எழுதிக் காட்டிவிட்டு வேலை செய்ய மறுக்கும்.

வாங்கியதும் இரண்டு சோதனை. முதலில் மல்டிமீட்டரின் சிவப்பு முனையை 3ஆம் ஊசியிலும் கறுப்பை 5ஆம் ஊசியிலும் வைத்து வோல்ட் அளவிடுங்கள். கேபிள் சும்மா இருக்கும்போது மைனஸ் 5 அல்லது அதற்கும் கீழே காட்ட வேண்டும். பூஜ்யமோ பிளஸ்ஸோ காட்டினால் அதில் சரியான ஆர்எஸ் 232 (சீரியல் போர்ட்டுக்கான தரநிலை) மின்னழுத்தம் இல்லை. சில கருவிகள் அதையும் சகித்துக்கொள்ளும், சில வாயே திறக்காது. அடுத்து 2, 3 ஊசிகளைச் சிறு கம்பியால் இணைத்து, புட்டி (PuTTY) என்ற டெர்மினல் மென்பொருளில் ஃப்ளோ கன்ட்ரோல் அமைப்பை அணைத்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். தட்டிய எழுத்து திரும்பி வந்தால் கேபிளில் குறையில்லை. பிறகும் கருவி பேசவில்லையென்றால் பாட் வேகம் (தகவல் அனுப்பும் வேகம்), பேரிட்டி (பிழை சோதிக்கும் அமைப்பு), 2, 3 ஊசிகளை ஒன்றுக்கொன்று மாற்றும் குறுக்கு இணைப்பு என்று தேடவேண்டியதுதான்.

தொடர்ந்து தொல்லை தருவது காம் எண்தான். தனி வரிசை எண் இல்லாத சிஎச் 340 கேபிளை வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றினால் காம் 3 என்பது காம் 7 ஆகிவிடும், பில்லிங் மென்பொருள் போர்ட்டைக் காணோம் என்று நிற்கும். டிவைஸ் மேனேஜரில் போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் எண்ணை மாற்றலாம்; நான்கைத் தாண்டாமல் வைத்தால் பழைய மென்பொருளுக்கு நல்லது. எஃப்டிடிஐ சிப்பாக இருந்தால் அதே பக்கத்தில் லேட்டன்சி டைமர் (வந்த தகவலைக் கணினிக்குத் தரும் முன் சிப் காத்திருக்கும் நேரம்) 16 மில்லிசெகண்டில் இருக்கும். பிஎல்சி (தொழிற்சாலை இயந்திரக் கட்டுப்பாட்டுக் கருவி) போலக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் கருவிகள் ஒவ்வொரு முறையும் இதனால் இழுபடும். 1 ஆக்கிவிடுங்கள்.

மதர்போர்டில் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் சீரியல் கார்டு யூஎஸ்பியை விட நிலையானது, எண் மாறாது. ஆனால் வன்பொருள் முகவரியை நேரடியாகத் தொடும் டாஸ் காலத்து மென்பொருளுக்கு உதவாது, கார்டின் முகவரி வேறு.

பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் மாட்டும் அகலமான போர்ட்) தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: யூஎஸ்பி–பேரலல் கேபிள் பிரிண்டருக்கு மட்டும்தான். பழைய மென்பொருளின் பூட்டு டாங்கிளையோ சிஎன்சி கட்டுப்பாட்டுப் பலகையையோ அதில் மாட்டினால் ஒன்றும் நடக்காது.