“போர்டு போயிடுச்சு அக்கா” என்று சொன்னால் உடனே சரி சொல்லாதீர்கள்

மதுரையில் வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பள்ளிக்கூட வினாத்தாள். பேஜ்மேக்கரும் கோரல் டிராவும் ஓடினால்தான் எனக்கு வருமானம். என் டெஸ்க்டாப்புக்கு நடந்ததை முழுவதும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்.

மெஷின் 2019-இல் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ3-8100 பிராசசர், எச்310 மதர்போர்டு (மற்ற பாகங்களெல்லாம் மாட்டும் முக்கியப் பலகை, கடையில் ‘போர்டு’ என்பார்கள்), 8 ஜிபி டிடிஆர்4 ராம். ஆறு வருடம் ஒரு தொல்லையும் இல்லை. 2025 ஆடிக் கடைசியில்தான் ஆரம்பித்தது. காலையில் பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும். ஐந்தாறு தடவை அழுத்தினால் எழுந்துகொள்ளும். எழுந்துவிட்டால் அப்புறம் ராத்திரி வரை ஒரு குறையும் இல்லை, ரீஸ்டார்ட் செய்தாலும் உடனே வரும். மறுநாள் காலையில் திரும்ப அதே கதை.

ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை வேலை குவிந்திருந்த நேரம். பக்கத்திலிருக்கும் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தத் தம்பி கேபினட்டைத் திறந்தார், எஸ்எம்பிஎஸ்ஸின் (மெஷினுக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) 24 பின் கனெக்டரைக் கழற்றினார், ஒரு கம்பித் துண்டால் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்தார். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றியது. “பாருங்கக்கா, எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கு. போர்டுதான் ஷார்ட் ஆயிருக்கு” என்றார். “ஆன் ஆனா நாள் முழுக்க ஓடுதே தம்பி?” என்று கேட்டேன். “அப்படித்தான்க்கா ஓடும். ஒரு நாள் மொத்தமாப் போயிடும், ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோயிடும்” என்றார். அந்த வார்த்தைக்குத்தான் பயந்தேன். வாடிக்கையாளர்களுடைய ஃபைல் எல்லாம் அதில்தான் இருக்கிறது. மதர்போர்டுக்கும் சர்வீஸுக்கும் சேர்த்து 7,500 ரூபாய் என்றார். மெஷினை விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு நாளில் திரும்பி வந்தது. திரையின் மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லி எழுத்து நின்றது. “போர்டு மாத்தினா அப்படித்தான்க்கா வரும்” என்றார். அது உண்மைதான். பழைய போர்டைக் கேட்டேன். “ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு” என்றார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் ‘மதர்போர்டு + சர்வீஸ் 7,500’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். மாடல் எண் இல்லை, சீரியல் எண் இல்லை, வாரண்டியும் இல்லை. வேலை அவசரத்தில் யுபிஐயில் பணத்தை அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றது.

கடைக்கு போன் செய்தால் இந்தத் தடவை யூபிஎஸ் மேல் பழி, அடுத்த தடவை வீட்டு வயரிங் மேல் பழி. யூபிஎஸ்ஸை விலக்கி நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. புரட்டாசி பிறந்து வேலை குறைந்த பிறகு, ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்று எங்கள் தெருவில் இருக்கும் ஸார் ஒருவரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “வேற ஒரு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பாத்தாங்களாம்மா?” இல்லை. யாருமே பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மெஷின் ஆறிக் கிடக்கும்போதே மல்டிமீட்டரோடு வந்தார். ஊதா நிற வயர் ஸ்டாண்ட்பை வோல்ட்டுக்கானது. கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் சுவிட்ச் போட்டிருக்கும் வரை அதில் 5 வோல்ட் இருக்க வேண்டும், 4.75-க்குக் கீழே போகவே கூடாது. எங்கள் மீட்டரில் அது 4.2-க்கும் 4.5-க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் தன் வீட்டிலிருந்து ஒரு எஸ்எம்பிஎஸ் கொண்டுவந்து மாட்டினார். ஒரே அழுத்தில் ஆன் ஆனது. அணைத்து, ஆறவிட்டு, மாலையில் மறுபடி போட்டோம். அப்போதும் அதே.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை அவர் பிரித்துக் காட்டியபோது இரண்டு கெப்பாசிட்டர்களின் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சின்ன உருளைகள்) தலை உப்பி, அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தது. (நீங்கள் தயவுசெய்து பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.) கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் வருடக்கணக்கில் வற்றிப்போனால், குளிர்ந்திருக்கும்போது அது வேலை செய்யாது, கொஞ்சம் சூடேறிய பிறகு செய்யும். காலையில் மட்டும் மக்கர் செய்ததற்குக் காரணம் அதுதான். கடையில் கம்பி வைத்துக் காட்டிய சோதனை, எஸ்எம்பிஎஸ் ஃபேனைச் சுற்றவைக்கும் அளவுக்கு மின்சாரம் வருகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். மதர்போர்டின் பாரத்தைத் தாங்குமா என்று அது சொல்லாது. அதுவும் அன்றைக்கு வீட்டிலும் கடையிலும் பல தடவை போட்டுப் போட்டு எடுத்து சூடாகியிருந்த எஸ்எம்பிஎஸ். புது எஸ்எம்பிஎஸ் எனக்கு 2,400 ரூபாய் ஆனது. இவ்வளவுதான் முதலிலேயே ஆகியிருக்க வேண்டிய செலவு.

இதோடு முடிந்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று விட்டிருப்பேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நிற்கவிருந்ததால், மெஷின்தான் சரியாகிவிட்டதே, விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாம் எனப் பார்த்தேன். இந்தப் பிராசசருக்கு ஆதரவு இல்லை என்று வந்தது. ஆனியில் இதே சோதனையைச் செய்தபோது தகுதி உண்டு என்று வந்து, அதைப் படம் பிடித்தும் வைத்திருந்தேன். மெஷினில் என்னென்ன பாகம் இருக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். ஐ3-3220 என்று இருந்தது.

2012-ஆம் வருடத்துப் பிராசசர் அது. என்னுடைய 8100-இல் நான்கு கோர், இதில் இரண்டு. இரண்டுக்கும் சாக்கெட்டே (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) வேறு. அதனால் போர்டையும் பழைய எச்61 வகைக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்தப் போர்டில் டிடிஆர்4 ராம் ஏறாது என்பதால் என் ராமையும் எடுத்துக்கொண்டு பழைய தலைமுறை டிடிஆர்3 போட்டிருக்கிறார்கள். பழுதே இல்லாத மூன்று பாகங்களைக் கழற்றிக்கொண்டு, அதற்கு மேல் என்னிடம் 7,500 ரூபாயும் வாங்கியிருக்கிறார்கள். பழுதான எஸ்எம்பிஎஸ் மட்டும் அப்படியே உள்ளே இருந்தது. கோரல் டிராவில் பெரிய ஃபைல் திறக்க நேரமாகிறதே என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன், காரணம் இதுதான்.

நேரில் போய்க் கேட்டேன். “ஐ3-க்கு ஐ3 தானேக்கா போட்டிருக்கோம்” என்றார். ராம்? “8 ஜிபிக்கு 8 ஜிபி இருக்குல்ல.”

அதனால்தான் சொல்கிறேன், மெஷினைக் கொடுக்கும் முன் டாஸ்க் மேனேஜரில் பர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து பிராசசரின் முழுப் பெயர், ராமின் வேகம், டிஸ்க்கின் மாடல் மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐ3’, ‘ஐ5’ என்பது போதாது, பின்னால் வரும் நான்கைந்து இலக்கம்தான் அதன் வயதைச் சொல்லும். கேபினட்டைத் திறந்து ஸ்டிக்கர்களையும் படம் எடுங்கள். ஸார் எனக்குச் சொன்னது, ஒவ்வொரு பாகத்தின் ஓரத்திலும் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிடு என்று. வைத்துவிட்டேன். மெஷினே ஆன் ஆகாத நிலையில் இந்தப் படங்களை எடுக்க முடியாது, ஆகவே நன்றாக ஓடும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

சில சமயம் ஆன் ஆகிறது, சில சமயம் ஆகவில்லை என்றால் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை உண்டு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யூபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவரில் போட்டுப் பாருங்கள். ஃபேன் சுற்றியும் திரை வரவில்லை என்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ராமைக் கழற்றி, அதன் தங்க நிறக் கால்களை ரப்பரால் மெதுவாகத் துடைத்து அழுத்தி மாட்டுங்கள். தேதி, நேரம் பழையதற்குப் போய்விடுகிறதென்றால் சிஆர்2032 பட்டன் செல்லை மாற்றுங்கள், ஐம்பது ரூபாய்கூட ஆகாது. பவர் பட்டனே தேய்ந்து சிக்கிக்கொள்வதும் உண்டு. இதற்கெல்லாம் மசியவில்லை என்றால் கடைக்குப் போங்கள், ஆனால் வேறு எஸ்எம்பிஎஸ் ஒன்றை உங்கள் கண் முன்னால் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்ய மறுக்கும் கடையில் மெஷினை விடாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். அப்புறம் கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். அது கிடைத்த நான்காம் நாள் கூப்பிட்டு 6,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். என் போர்டும் பிராசசரும் ராமும் எங்கே என்பதற்குப் பதில் இல்லை, அதனால் பணத்தை வாங்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2019-இல் வாங்கிய பில்லில் ஐ3-8100 என்றும் எச்310 என்றும் அச்சில் இருக்கிறது. அதையும், யுபிஐ ரசீதையும், துண்டுச் சீட்டையும், ஆனியில் எடுத்த படத்தையும் இணைத்து மனு எழுதி முடித்தாயிற்று. திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன்.